வீட்டுக் காரில் வேகம்: மலைநாட்டில் கார் டியூன் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம். அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். எனக்கென்று இருப்பது 1997ஆம் வருடத்து லான்சர் ஒன்று, 1500 சீசீ. அதை வைத்துக்கொண்டு நான் செய்த நல்ல வேலையும் உண்டு, பைத்தியக்கார வேலையும் உண்டு. நுவரெலியாவில் கூட்டம் சேர்கிற ஏப்ரல் சீசன் நெருங்கினால் தம்பிமார் போன் எடுத்துக் கேட்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எந்தக் காரை வாங்கலாம்?

வீட்டில் ஏற்கெனவே நிற்கிற கார்தான் நல்ல கார். அப்படி ஒன்று இல்லை, புதிதாகத்தான் தேட வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். உதிரிப்பாகம் அட்டனிலோ கண்டியிலோ அன்றைக்கே கிடைக்க வேண்டும். பாடி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். மலைநாட்டில் இந்த இரண்டாவது பெரிய பிரச்சினை. வருடத்தில் பாதி நாள் ஈரம், மூடுபனி. காரின் அடிப்பாகம் காயவே காயாது. பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஜாக்கி வைக்கிற இடத்தில் விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். நான் ஒரு சன்னி பார்க்கப் போனபோது கார்பெட்டைத் தூக்கினேன், கீழே ரோடு தெரிந்தது. விற்க வந்தவரும் என்னோடு சேர்ந்து குனிந்து பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

டொயோட்டா கொரோலா 110, 121 மொடல்கள், நிசான் சன்னி எப்பி15, சிவிக், லான்சர் எல்லாமே சரியான தேர்வுதான். 121இல் வருகிற 1496 சீசீ எஞ்சின் 110 குதிரைவலு அளவில் தரும். கார் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். நம் ரோட்டுக்கு அது போதும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 25 வருடக் காருக்குக் கேட்கிற விலையைக் கேட்டு நெஞ்சு அடைக்காதவர்கள் மட்டும் பேரம் பேசப் போங்கள்.

எவலூஷன், இம்ப்ரெசா என்று எல்லோரும் உயிரை விடுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

உலக ராலி போட்டியின் குரூப் ஏ விதிதான் அந்தக் கார்கள் பிறந்ததற்குக் காரணம். ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் அதே காரைக் குறைந்தது 2500 எண்ணிக்கையில் செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்று விதி இருந்தது. பந்தயத்துக்குத் தேவை காற்றை அமுக்கி ஊட்டுகிற டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும். ஆகவே நான்கு கதவும் பின்னால் பிள்ளைகள் உட்காரும் சீட்டும் உள்ள குடும்பக் காருக்குள் அதையெல்லாம் திணித்து விற்றார்கள். இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ், லான்சர் எவலூஷன் இரண்டும் 1992இல் வந்தன. 1995இல் கொலின் மக்ரே இம்ப்ரெசாவில் உலகச் சாம்பியன். அடுத்த நான்கு வருடம், 1996 முதல் 1999 வரை, டொமி மாக்கினன் லான்சரில். மூன்றாவது எவலூஷன் 1997 சீசீ எஞ்சினில் 270 குதிரைவலு தந்தது. சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற காரின் உருவத்தில் அது.

நம் நாட்டில் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடுவது. பழைய கார்களைக் கொண்டுவர வயதுக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் இருக்கிற சில எவலூஷன்களே கைமாறிக்கொண்டு இருக்கின்றன. உண்மையான எவலூஷன் என்று சொல்லி, சாதாரண லான்சருக்குப் பம்பரும் விங்கும் போட்டு விற்பவர்கள் நிறைய. கார் நம்பரைப் பார்க்காதீர்கள், காரின் உடம்பில் பொறித்த செசி நம்பரைப் பாருங்கள்.

கொழும்பில் பறந்த கார் நுவரெலியா வந்ததும் ஏன் மூச்சு வாங்குகிறது?

மனிதனுக்கு வாங்குகிற அதே காரணம்தான், காற்று குறைவு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்வது. உறிஞ்சக் கிடைப்பதே குறைவு என்றால் வலுவும் குறையும். குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதைக் கழித்துப் பார்த்தாலும் கொழும்பில் 110 குதிரை இருந்த காரில் நுவரெலியாவில் 90 சொச்சம்தான் மிஞ்சும். ஆயிரம் மீற்றருக்குப் பத்தில் ஒன்று போகும் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் ஆயிரத்துக்கு மேல்தான்.

இன்ஜெக்டர் உள்ள காரில் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. கீழே செட் செய்த கார்பரேட்டர் மேலே வந்ததும் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி பூசியது மாதிரி கறுப்பாக, காய்ந்த புகைக்கரியோடு இருக்கும். சரியாக எரிகிற பிளக்கின் முனை வெளிர் பழுப்பு. அப்படிக் கறுத்திருந்தால் ஒரு அளவு சின்ன ஜெட் (பெற்றோல் வருகிற துளை) போடுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அதே ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி அடித்து ஓட்டினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடாகிப் பிஸ்டன் போகும். என் மச்சான் ஒருவருக்கு அவிசாவளையில் போனது.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. முதலில் எதில் போடுவது?

பிரேக். இரண்டாவது டயர். மூன்றாவது கூலிங். இதை முடிக்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் தலைகீழாகச் செய்தவன். 2011இல் லான்சருக்கு ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகத்தை, சீவி, புகை வெளியேற ஹெடர் பைப் போட்டு, ஏர் ஃபில்டர் மாற்றி, ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன். அந்த டிசம்பரில் கண்டியில் ஒரு கல்யாணம். காரில் நாலு பேர், பின்னால் சாமான். நுவரெலியாவைத் தாண்டி லபுக்கலைச் சரிவில் நாலாம் கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்குகிறேன். முதலில் ஒரு வாடை, எரிந்த மீன் மாதிரி. அம்மா ஜன்னலை இறக்கி, "எவன்டா குப்பை எரிக்கிறான்" என்றார். அடுத்த முடக்கில் (வளைவில்) பெடல் பஞ்சாகிவிட்டது. அதற்கு அடுத்ததில் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. மூன்றுக்கு மாற்றி, இரண்டுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கத்துக் கானில் (வடிகாலில்) இரண்டு சக்கரத்தை இறக்கி உரசி நிறுத்தினேன். கதவு, ஃபெண்டர் எல்லாம் போனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுவது, ஒயில் இல்லாமல் வேலை செய்யும். அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

லிந்துலையில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் பிரேக் ஒயிலை ஒரு கிளாஸில் எடுத்துக் காட்டினார். பிளேன்டீ (பாலில்லாத தேநீர்) நிறம். "தம்பி, எஞ்சினுக்கு இவ்வளவு காசு கொட்டினியே, இத எப்ப மாத்தின?" என்று கேட்டார். கார் வாங்கியதில் இருந்து மாற்றவே இல்லை. பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? டொட் 4 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. உங்கள் கால் அமுக்குவது அந்தக் குமிழியை, சக்கரத்தை அல்ல.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஆட்களோடு 1300 கிலோ வருகிற கார் நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1400 மீற்றர் உயரம் குறைகிறது. அந்தச் சக்தி முழுவதும் வெப்பமானால் 50 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், நீங்கள் சின்ன கியரில் வந்தால். நியூட்ரலில் விட்டு இறங்கிப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகள் அந்த 50 லீற்றரையும் நான்கு சக்கரத்திலேயே காய்ச்சுகிறார்கள்.

ஆகவே வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றம், சீசனுக்கு முன் என்றால் நல்லது. தரமான பேட், சரியான தடிப்புள்ள டிஸ்க், வெடிக்காத ரப்பர் ஹோஸ். துளை போட்ட டிஸ்க் அழகுக்கு மட்டும்.

டயர் பற்றி?

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். பூ (தரையைப் பிடிக்கிற வரி) நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயர் காய்ந்து கல்லாகியிருக்கும். ஈர ரோட்டில் சவர்க்காரம்தான். பாவித்த டயரை ஜப்பான் டயர் என்று தலையில் கட்டுவார்கள், முதலில் இலக்கத்தைப் படியுங்கள். ரீபில்ட் டயரில் வேகம் வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தலாமா?

வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் கடினமாகும், ஆனால் துள்ளலை அடக்குகிற ஷொக் பழையதே. ஒவ்வொரு குழியிலும் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும், துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. அது போக, மெயின் ரோட்டில் இருந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருகிற ரோட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நடுவில் புல், இரண்டு பக்கமும் தடம், இடையில் தலை நீட்டுகிற கருங்கல். எஞ்சின் ஒயில் தங்குகிற சம்ப் உடைந்து ஒயில் ஒழுக ஒழுக வீட்டுக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் ஒயில் கோடு அவர் வாசல் வரை வழி காட்டியது. நல்ல ஷொக் நான்கு போடுங்கள், உயரம் அப்படியே இருக்கட்டும்.

பெரிய சைலன்சர் போட்டால் வலு கூடுமா?

சத்தம் கூடும். சாதாரண 1500 சீசீ எஞ்சினுக்குக் கம்பெனி பைப்பே ஏறக்குறைய போதும். விடிந்தால் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க, போக வேண்டிய சனம் லயத்தில் படுத்திருக்கும்போது இரவு ஒரு மணிக்கு அந்தச் சத்தத்தோடு மேலே ஏறினால், திட்டு உங்களுக்கு மட்டும் விழாது, உங்கள் அம்மாவுக்கும் சேர்த்து விழும்.

டர்போ ஏற்றலாமா?

உயரத்தில் டர்போவுக்கு ஒரு வசதி உண்டு. மெல்லிய காற்றையும் அமுக்கிக் கொடுக்கும் என்பதால் மேலே போகப் போக அது இழப்பது குறைவு. அதனால்தான் மலையேற்றப் போட்டியில் டர்போ கார்கள் நின்று பேசுகின்றன. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. கீழே தருகிற அதே அழுத்தத்தை மேலே தர அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், சூடாகும், ஆயுள் குறையும்.

டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினில் ஏற்றுவது வேறு கதை. அதன் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் அமுக்குகிற அளவு, ஏற்கெனவே அதிகம், பிஸ்டனும் டர்போவுக்காகச் செய்தது அல்ல. பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர், கிளட்ச், கூலிங் என்று சங்கிலி மாதிரி நீளும். முழுச் சங்கிலிக்கும் காசு இருந்தால் செய்யுங்கள். டர்போவுக்கு மட்டும் இருந்தால் அதை பேங்கில் போடுங்கள். வலுதான் வேண்டும் என்றால் டர்போ இல்லாத எஞ்சினிலேயே முன்னோடி உண்டு: ஹொண்டாவின் பி16ஏ, 1595 சீசீயில் 160 குதிரை, 1989இலேயே. அது வலுவைக் காட்டுவது உச்சச் சுற்றில். கீழ்ச் சுற்றில் தூங்கும், மலையில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

95 பெற்றோல் அடித்தால் கார் வேகமாகுமா?

ஆகாது, எஞ்சின் அதைக் கேட்டால் ஒழிய. அந்த 95 ஒக்டேன் எண். ஒக்டேன் என்பது எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்குகிற அளவு. டர்போ, கூடிய கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்கு 95 வேண்டும். சாதாரண காருக்கு, அதுவும் காற்றழுத்தம் குறைந்த உயரத்தில், 92 தாராளம். 95 வேண்டிய கார் வைத்திருப்பவர்கள் எந்த பெற்றோல் செட்டில் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், மேலே எல்லா இடத்திலும் இருக்காது.

ஓட்டோ கியர், ஹைபிரிட் கார்கள்?

மலையில் டி-யில் போட்டு இறங்காதீர்கள். எல், எஸ், பி என்று என்ன எழுத்து இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஹைபிரிட் காரில் இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே வேகத்தைப் பிடித்துத் தரும். நீண்ட சரிவில் பேட்டரி நிரம்பிவிட்டால் அந்த உதவி நின்றுவிடும், பிரேக்குக்குப் பாரம் கூடும். கொழும்பில் இருந்து சீசனுக்கு வருகிற டொயோட்டா ஆக்சியோ ஹைபிரிட்காரர்கள் பலருக்கு, எஞ்சினாலும் வேகத்தைப் பிடிக்க உதவுகிற அந்தப் பி எதற்கென்றே தெரியாது.

உண்மையான ரேஸ் எங்கே நடக்கிறது?

நம் வாசலிலேயே. நுவரெலியா மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய மோட்டார் போட்டிகளில் ஒன்று. தேயிலைத் தோட்டத்து ரோட்டை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து மேலே விடுவார்கள். பக்கத்தில் முட்டிக்கொள்ள வேறு கார் இல்லை. நீங்கள், ரோடு, கடிகாரம் மட்டும். நானுஓயாப் பக்கம் ராதல்லயிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் நடத்துவது சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். தியத்தலாவையில் இராணுவத்தின் ஃபொக்ஸ் ஹில் சூப்பர்குரோஸ். அது மண் தடம், பல கார்கள் ஒன்றாக ஓடும்.

முதல்முறை ஓட நினைப்பவருக்கு மலையேற்றம்தான் சரி. கார்களை எஞ்சின் அளவு பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள், சின்னக் காருக்கும் இடம் உண்டு. ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கிற இரும்புக் கூடு), பந்தய பெல்ட், தீயணைப்பான் எல்லாம் விதிக்கோவையில் இருக்கும். காரைத் தொடுவதற்கு முன் அந்தக் கோவையை வாங்கிப் படியுங்கள். ஆசையாகப் போட்ட ஒரு பாகம் உங்களை எவலூஷன்கள் நிற்கிற வகுப்பில் தள்ளிவிடலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற ரோடு அது. எந்த முடக்கில் காலை வெயில் படாது, எங்கே பாசி பிடித்திருக்கும், எந்த இடத்தில் மேலே இருந்து ஊற்றுத் தண்ணீர் குறுக்கே ஓடும் என்று கொழும்புக்காரர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கப் போனால் எங்கே நிற்பது?

வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். பிடி விட்ட கார் போகிற திசை அது. 2024 ஏப்ரல் 21, ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள், அதில் ஒன்று 8 வயதுப் பிள்ளை. தடத்தை விட உயரமான இடமாக, உள்பக்கமாக, பின்னால் ஓட வழியுள்ளதாகப் பாருங்கள். கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம். வீடியோ எடுப்பவர்கள்தான் கயிற்றைத் தாண்டுகிறார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரம்பொடை ரோட்டில் இரவில் நண்பர்களோடு நேரம் பார்க்கலாமா?

இல்லை. 2025 மே மாதம் ரம்பொடை கெரண்டி எல்லயில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ராதல்லக் குறுக்கு ரோட்டில் பஸ், வேன், ஆட்டோ மோதி 7 பேர். இவை ரேஸ் அல்ல, சாதாரணப் பயணம். சாதாரணமாகப் போனாலே இப்படி ஆகிற ரோட்டில் எதிரே முடக்குக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கொழுந்து லொறி லைட் இல்லாமல் நிற்கும், கல்யாண வீட்டில் இருந்து சனம் நடந்து வரும். ஊருக்கு வெளியே காருக்குச் சட்ட வேகம் மணிக்கு 70, ஊருக்குள் 50. மலையில் அந்த 70ஐத் தொட இடம் தேட வேண்டும். இந்தக் கேள்வியை அடுத்தும் கேட்பவர்களின் போனை நான் எடுப்பதில்லை.

பொலிஸ், எமிஷன், காப்புறுதி?

எஞ்சின் மாற்றினால் புது எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், நிறம் மாற்றினாலும் அப்படியே. ரெவனியூ லைசன்ஸ் எடுக்க வருடா வருடம் எமிஷன் (புகைப் பரிசோதனை) பாஸாக வேண்டும். கறுத்த பிளக்கோடு போனால் பாஸாகாது. காப்புறுதிப் பத்திரத்தில் பந்தயத்துக்குப் பாவித்தால் இழப்பீடு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். 2025இன் தொடக்கத்தில் பொலிஸார் தேவையற்ற லைட், சத்தக் குழாய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். அதில் பாதியை ரோட்டில் வைத்தே கழற்றினார்கள், ஸ்பேனர் இல்லாதவர்கள் பாடு பரிதாபம்.

மூடுபனியில்?

டிம் லைட், மஞ்சள் ஃபொக் லைட், மெதுவாக. ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

நான் சொல்லவில்லை, மாட்டினேன். கானில் இறங்கியதற்குப் பிறகு அம்மா ஒரு வருடம் அந்தக் காரில் ஏறவில்லை. அப்பா மட்டும் ஒரு நாள் வந்து பொனட்டைத் திறக்கச் சொன்னார். ஹெடரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிரேக் ஒயில் மூடியைத் திறந்து லைட் அடித்து நிறத்தைப் பார்த்தார். தெளிவாக இருந்தது. "சரி, பண்டாரவளை வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றார்.